பனிக்காலத்து மிதிவண்டி

ஆனைக்குட்டத்தில் குளிர் உண்டா என்று வியந்து கேட்பவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். விருதுநகர்ச் சீமை என்றவுடன் கரிசல் மண்ணும், கருவேல மரமும், மண்டையைப் பிளக்கும் வெயிலுமே அவர்கள் நினைவுக்கு வருகின்றன. அவர்கள் மீது குற்றமில்லை. இந்த வறண்ட காற்றை நம்பித்தானே சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் வேரூன்றின. 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஊர் திரும்பித் தொழில் தொடங்கியபோது, காசு வாங்காமல் உழைத்த முதல் கூலியாள் வெயில்தான் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஆயினும் குளிர் உண்டு. மார்கழியிலும் தையிலும், விடிவதற்கு முந்திய அந்த இரண்டு மணி நேரத்தில் உண்டு. வெப்பமானியைப் பார்த்தால் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். ஊட்டிக்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார். நடந்து செல்பவருக்கு அது இதமான காலை. திண்ணையில் போர்வைக்குள் கிடப்பவருக்கு அது சுகம். மிதிவண்டியில் ஏறி ஒரு மணி நேரம் மிதிப்பவருக்கோ அதுவே வேறொன்று. காற்றே வீசாத காலையிலும் அவர் தமக்கென ஒரு காற்றை உண்டாக்கிக்கொண்டே போகிறார். உடலின் சூடு தோலை ஒட்டி ஒரு மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் போர்வையை விரித்து வைக்கிறது. வண்டியின் வேகம் அதை நொடிதோறும் உரித்தெறிகிறது. இது ஒரு பக்கம். மறுபக்கம் வியர்வை. மிதித்தால் வியர்க்கும், வியர்த்தால் சட்டை நனையும், நனைந்த சட்டையில் காற்றுப் பட்டால் வியர்வை ஆவியாகும். ஒரு கிராம் வியர்வை ஆவியாவதற்கு உடலிலிருந்து ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைப் பறித்துக்கொள்ளும். (உணவுப் பொட்டலங்களில் அச்சிடும் கலோரி அன்று, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான சிறு கலோரி.) மேட்டில் ஏறும்போது வேர்த்து விறுவிறுத்தவர், இறக்கத்தில் பல் கிட்டிப்போவதற்குக் காரணம் இதுவே.

இவற்றையெல்லாம் நாங்கள் புத்தகத்தில் படித்தது பின்னாளில். முதலில் படித்தது அப்பாவின் முதுகைப் பார்த்து.

நாங்கள் மூவர். மூத்தவள் ஒருத்தி, அவளுக்குப் பின் இருவர். அப்பா சிவகாசிக்கு அப்பால், சாத்தூர் சாலைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் வேலையில் இருந்தார். தீபாவளி முடிந்து சில வாரங்கள் ஆலை மூடிக் கிடக்கும். மீண்டும் திறந்து வேலை சூடு பிடிக்கும்போது மார்கழி பிறந்துவிடும். மருந்து கலப்பது வெயில் ஏறுமுன் முடிக்கவேண்டிய வேலை. ஆகவே அப்பா இருட்டோடு புறப்படுவார். அம்மா தரும் கருப்பட்டிக் காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு, தம் பழைய ஹெர்குலிஸ் வண்டியின் டைனமோவைச் சக்கரத்தில் சாய்த்து மிதிக்கத் தொடங்குவார். டைனமோவின் 'உர்ர்' என்ற ஓசை தெருமுனை தாண்டித் தேய்ந்து மறையும்வரை நாங்கள் பாயில் விழித்துக் கிடப்போம்.

ஊரைத் தாண்டியதும் நீர்த்தேக்கத்துப் பக்கம் ஒரு தாழ்வு உண்டு. அர்ச்சுனா ஆற்றை மறித்துக் கட்டிய அணை எங்களுடையது; வைப்பாற்றில் சென்று கலக்கும் ஆறு அது. தண்ணீர் கிடக்கும் ஆண்டுகளில் அந்தத் தாழ்வில் பனிமூட்டம் முழங்கால் உயரத்துக்குப் படுத்துக் கிடக்கும். தண்ணீர் இல்லாத ஆண்டுகளிலும் குளிர் அங்கேதான் தேங்கும். குளிர்ந்த காற்று கனமானது. நீரைப்போலவே பள்ளம் தேடி ஓடும். "அந்த எறக்கத்துல மட்டும் யாரோ ஈரத்துணிய எடுத்து மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கும்" என்பார் அப்பா. திருத்தங்கல் தேநீர்க் கடை வரும்போது உடம்பு தானாகச் சூடேறிவிடும் என்றும் சொல்வார். "கெளம்புறப்ப கொஞ்சம் குளுரணும். கெளம்புறப்பவே கதகதன்னு இருந்தா, பாதி வழியில சட்டையப் புழிஞ்சிரலாம்."

மிதிவண்டி ஓட்டுவதையே கலையாகக் கொண்டவர்கள் இன்று உலகெங்கும் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமும் இதுவே: புறப்படும்போது சற்றுக் குளிர்வதுபோல் உடுத்துக்கொள். எந்த நாட்டு ஓட்டக்காரரையும் அப்பா கண்டதில்லை. பிழைப்பு அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்திருந்தது.

ஆனால் ஓர் இடத்தில் அவர் பாடமும் அவர்கள் பாடமும் முரண்பட்டன. பருத்தியைத் தொடாதே என்பது அவர்களுடைய பாடம். பருத்தி வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், உலராது, உடலைச் சில்லிட வைக்கும். செயற்கை இழைத் துணியோ வியர்வையை விரைவில் வெளியேற்றிவிடும். அப்பாவின் ஆலையிலோ பருத்தியைத் தவிர வேறொன்றுக்கும் இடமில்லை. வாயிலில் பீடியும் தீப்பெட்டியும் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். நைலான், பாலியஸ்டர் உடுத்தியவரை மருந்தறைப் பக்கம் விடமாட்டார்கள். அறைக்குள் நுழையுமுன் தரையோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டே நுழைய வேண்டும். இவற்றின் காரணத்தை அந்நாளில் எங்களுக்கு யாரும் விளக்கவில்லை, நாங்களும் கேட்டதில்லை. அப்பா ஏதோ கோயிலுக்குள் போவதுபோல் போகிறார் என்று எண்ணிக்கொண்டோம்.

ஆக, அவருடைய பனிக்கால உடை இது: அடியில் பருத்திப் பனியன், அதன்மேல் பழைய பருத்திச் சட்டை, தலையையும் காதையும் சேர்த்து இறுக்கிக் கட்டிய துண்டு, கைப்பிடியின் இரும்பு சில்லிடாதிருக்க, கிழிந்த வேட்டியிலிருந்து கிழித்தெடுத்து உள்ளங்கையில் சுற்றிய கீற்றுகள். பையில் தூக்குச்சட்டிக்குக் கீழே மடித்து வைத்த இன்னொரு சட்டை. இந்த இரண்டாவது சட்டையே அவருடைய உயிர்நாடி. ஆலை வாயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, நனைந்ததைக் கழற்றிக் கைப்பிடியில் காயப்போட்டுவிட்டு, உலர்ந்ததை அணிந்துகொண்டு உள்ளே போவார்.

இன்னொன்று விட்டுப்போயிற்று. பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே, நெஞ்சை மூடி, முந்திய நாள் செய்தித்தாள்.

அச்சுத்தொழிலுக்குப் பேர்போன சிவகாசியில் தாளுக்கா பஞ்சம்? அப்பா முதலில் நாட்காட்டித் தாளைத்தான் வைத்துப் பார்த்தாராம். அது வழவழப்பாக, விறைப்பாக, மூச்சு விடும்போதெல்லாம் அப்பளம்போல் நொறுங்கிச் சத்தமிட்டது, வியர்வையையும் உறிஞ்சவில்லை. முருகன், இயேசு, சிவாஜி கணேசன் என எவர் படமானாலும் பலன் ஒன்றே. செய்தித்தாளோ மென்மையாகப் படிந்து கொடுத்தது, காற்றைத் தடுத்தது, வியர்வையைக் குடித்தது. நான்காக மடித்தால் மடிப்புகளின் இடையே தங்கும் காற்று சூட்டைக் காக்கும். பிரான்சு நாட்டைச் சுற்றிவரும் புகழ்பெற்ற மிதிவண்டிப் பந்தயத்தில், மலை உச்சியை அடைந்த வீரர்களுக்கு வழியோரத்தில் நிற்பவர்கள் செய்தித்தாளை நீட்டுவதும், அவர்கள் அதைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறக்கத்தில் பாய்வதும் நெடுநாள் வழக்கம். அந்தப் படத்தை முதன்முதலில் ஓர் இதழில் கண்டபோது நாங்கள் மூவரும் ஒரே குரலில் "அப்பா!" என்றோம்.

மாலையில் அந்தத் தாள் வீட்டுக்குத் திரும்பி வரும். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே பத்திரிகை அது. ஒருநாள் பழைய செய்திகளை, வியர்வையில் நனைந்து உலர்ந்து மொறமொறத்த தாளில், அப்பாவின் வாசத்தோடு நாங்கள் படித்தோம். அவருடைய பனியனில் சில நாள்களில் தலைப்பெழுத்துகள் இடவலம் மாறி அச்சாகியிருக்கும். எங்களில் இளையவன் கண்ணாடியைப் பிடித்து அப்பாவின் நெஞ்சைப் படித்துக் காட்டுவான். அவன் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகியது பாதி பள்ளியிலும் பாதி அந்த நெஞ்சிலும்தான்.

1993ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அப்பாவுக்குக் குளிர்ச்சட்டை ஒன்று வாங்கித் தருவதென்று நாங்கள் முடிவெடுத்தோம். மூத்தவள் பள்ளி விட்டு வந்து தீப்பெட்டிக் கட்டை ஒட்டிச் சேர்த்த காசு. மற்ற இருவர் கெத்துக் காட்டாமல் உண்டியலில் போட்ட சில்லறை. (பள்ளிப் பிள்ளைகள் தீப்பெட்டி ஒட்டியதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்நாளில் எங்கள் பக்கத்து வீடுகளில் அது இருந்தது என்பதற்காகச் சொல்கிறோம்.) விருதுநகர் கடைத்தெருவில் வடநாட்டு வியாபாரி ஒருவர் தள்ளுவண்டியில் குவித்து வைத்திருந்தார். நூற்று நாற்பது சொன்னதை நூற்றுப் பத்துக்குப் பேசி முடித்தோம். அரக்கு நிறம், மார்பில் இரண்டு வெள்ளைக் கோடுகள். கம்பளி என்றுதான் அவர் சொன்னார். கம்பளி என்றுதான் நாங்களும் நம்பினோம். அது அக்ரிலிக் இழை என்பதைப் பின்னாளில் அறிந்தோம்.

நள்ளிரவுத் திருப்பலிக்கு அப்பா அதை அணிந்துகொண்டார். இளையவனை முன்கம்பியிலும் இன்னொருவனைப் பின்னிருக்கையிலும் ஏற்றிக்கொண்டு விருதுநகர்வரை மிதித்தார். மூத்தவளும் அம்மாவும் தெருக்காரர்களோடு மாட்டுவண்டியில் வந்தார்கள். பின்னிருக்கையில் இருந்தவன் வழியெல்லாம் கன்னத்தை அந்தச் சட்டையில் வைத்துக்கொண்டு வந்ததாகச் சொல்வான். கோயில் முற்றத்தில் அப்பாவின் நண்பர்கள் சட்டையைத் தொட்டுப் பார்த்தார்கள். "பிள்ளைக வாங்கித் தந்தது" என்று கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

விழா முடிந்து வேலைக்குப் புறப்பட்ட முதல் நாள் காலை, சட்டை ஆணியில் தொங்கிற்று. மறுநாளும் தொங்கிற்று. நெஞ்சில் பழையபடி செய்தித்தாள்.

அதற்கு அடுத்த வாரங்களை நினைத்தால் இன்றும் எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏன் போடவில்லை என்று கேட்டோம். "அழுக்காயிரும் தாயி" என்றார். வழியில் போட்டுக்கொண்டு வாயிலில் கழற்றி வைக்கலாமே என்றோம். "தொலஞ்சி போயிரும்" என்றார். இரண்டும் காரணமாக எங்களுக்குப் படவில்லை. நாங்கள் தந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. பிறர் முன்னால் பெருமை பேசியது வெளிவேடம் என்று மூத்தவள் தீர்த்துவிட்டாள். அவள் பேச்சைக் குறைத்தாள். இளையவர்கள் அவள் முகத்தைப் பார்த்துக் குறைத்தோம். கண்ணாடி பிடித்து நெஞ்சைப் படிப்பதும் நின்றது.

தை மாதம் ஒரு நாள் மூத்தவள் ஒரு காரியம் செய்தாள். நாங்கள் இருவரும் அறிந்தே இருந்தோம்; ஆகவே மூவரின் காரியம் என்றே எழுதுகிறோம். இரவில் அப்பாவின் பையைத் திறந்து, தூக்குச்சட்டிக்குக் கீழே இருந்த உலர்ந்த பருத்திச் சட்டையை எடுத்து ஒளித்துவிட்டு, அரக்குச் சட்டையை மடித்து அவ்விடத்தில் வைத்தோம். வேறு வழியில்லாமல் போட்டுக்கொள்வார் என்பது எங்கள் கணக்கு.

அன்று வாயிலில் பையைத் திறந்தவர் என்ன நினைத்தாரோ. போட்டுக்கொள்ளவில்லை. அரக்குச் சட்டையை வண்டியின் பின்னிருக்கையில் கட்டிவிட்டு, வியர்வையில் ஊறிய சட்டையோடேயே உள்ளே போனார். மருந்தறை என்பது சுற்றிலும் கதவுகள் திறந்து கிடக்கும் சிறு கட்டடம்; விபத்து நேர்ந்தால் ஓடித் தப்புவதற்காக அப்படிக் கட்டுவார்கள். தைக்காற்று ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் வெளியேறும். அந்தக் காற்றில் ஈரச் சட்டையோடு காலை முழுவதும் நின்றார். மாலையில் வீடு வந்தபோது தாடை நடுங்கியது. இரவு காய்ச்சல். மூன்று நாள் எழவில்லை. மூன்று நாள் கூலி இல்லை. காய்ச்சலைத் தருவது குளிரன்று, கிருமியே என்று மருத்துவர்கள் சொல்வார்கள், சரியாகவும் இருக்கலாம். அம்மா மிளகுரசம் வைத்துக்கொண்டிருந்த அடுப்பங்கரையில் அந்த வாதத்தைச் சொல்லித் தப்ப எங்களுக்கு வாயில்லை. அப்பாவைக் குளிரிலிருந்து காக்கப் போன நாங்கள், அவரைக் குளிரில் நிறுத்தியிருந்தோம்.

நான்காம் நாள் இரவு காய்ச்சல் விட்டிருந்தது. எங்களை அழைத்தார். திட்டப் போகிறார் என்று வரிசையாக நின்றோம். "அந்தச் சட்டைய எடு. வெளக்க அணை" என்றார்.

இருட்டில் அதை அணிந்துகொண்டார். "இப்பப் பாருங்க" என்று சொல்லித் தலைவழியாக வெடுக்கென்று உரித்தார். சடசடவென்று ஓர் ஓசை. அப்பாவின் தோளிலும், காதோரத்து முடியிலும், சட்டையின் மடிப்பிலும் கடுகு வெடிப்பதுபோல் நீலப் பொறிகள் சிதறின. இளையவன் கைதட்டினான். இன்னொரு முறை என்று கேட்டான். அப்பா இன்னொரு முறை செய்து காட்டினார்.

மூத்தவள் கைதட்டவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அறைக்கு நாலு பேருதான் இருக்கணும்னு சட்டம். எங்கூட மூணு பேரு இருக்காக. இதப் போட்டுக்கிட்டு உள்ள போனேன்னா நான் மட்டுமா தாயி போவேன்?"

வாயிலில் கழற்றி வைக்கலாம் என்பதற்கும் அன்று விடை கிடைத்தது. "முந்நூறு நாளு ஞாபகமாக் கழத்திருவேன். ஒரு நாளு ஒடம்பு சரியில்லாம, மனசு சரியில்லாம, பனியில வெறச்சுப்போயி நின்னா? ஞாபகத்த நம்பி ஒரு பொருளப் போட்டுக்கிரக் கூடாதுய்யா." இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று அம்மா கேட்டார்கள். அப்பா எங்களைப் பார்த்தார். "ஆசையா வாங்கியாந்த பிள்ளைககிட்ட, நீங்க வாங்குனது நெருப்புன்னு எப்படிச் சொல்ல?"

உரசலால் உடலில் ஏறும் மின்சாரத்தை விரல் உணர வேண்டுமானால் அது ஏறத்தாழ 3,000 வோல்ட் அளவை எட்டியிருக்க வேண்டும் என்று பின்னாளில் படித்தோம். நாம் உணராத அளவிலேயே நுண்ணிய உலோகப் பொடி கலந்த மருந்து அதை உணர்ந்துவிடக்கூடும். காற்று வறண்டிருக்கும் காலத்தில் அந்த மின்சாரம் உடலை விட்டு எளிதில் இறங்குவதில்லை. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் ஓர் ஆலை வெடித்து 38 பேருக்குக் குறையாமல் உயிரிழந்தார்கள். அதற்கும் குளிருக்கும், சட்டைக்கும் தொடர்பு ஏதுமில்லை. ஆயினும் அச்செய்தியைக் கேட்ட இரவு எங்கள் மூவருக்கும் கண்ணில் நின்றவை அந்தக் கடுகுப் பொறிகளே.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடியலில் விருதுநகர் நாற்கரச் சாலையில் வண்ண வண்ண உடையணிந்த இளைஞர்கள் மெல்லிய சக்கரங்களில் பறந்து போகிறார்கள். கைக்குத் தனி உறை, காதுக்குத் தனி உறை, காற்றுப் புகாத மேற்சட்டை. பார்க்க மகிழ்ச்சியாகவே இருக்கிறது. குளிர் விளையாட்டன்று என்பதும் உண்மை. 1980 ஏப்ரலில் பெல்ஜியத்தில் லியேஜ் நகரிலிருந்து தொடங்கிய பந்தயம் ஒன்றில் பனி கொட்டித் தீர்த்தது. புறப்பட்டவர் 174 பேர். ஓடி முடித்தவர் 21 பேர். வென்ற பெர்னார் இனோவுக்கு விரல்களில் உணர்வு சரியாகத் திரும்ப வாரக்கணக்கில் ஆயிற்று. எவரும் அவரை வற்புறுத்தவில்லை. நிறுத்திவிட்டு வண்டியில் ஏறிக்கொள்ளலாம், பலர் ஏறிக்கொண்டார்கள். எங்கள் சாலையில் இருட்டோடு மிதித்தவர்களுக்கு ஏறிக்கொள்ள வண்டி வரவில்லை. பின்னர் ஆலைப் பேருந்துகளும் சிற்றுந்துகளும் வந்தன, மிதிவண்டிகள் குறைந்தன. இன்றும் முழுதாய் மறையவில்லை. மார்கழி விடியலில் காரில் வருகிறவர்களுக்கு ஒரு சொல்: பனிமூட்டத்தில் விளக்கில்லாத வண்டி ஒன்று உங்கள் முன்னால் போய்க்கொண்டிருக்கலாம், ஓட்டுபவர் காதைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருப்பார், உங்கள் ஒலிப்பானை எதிர்பார்த்த நேரத்தில் கேட்கமாட்டார்.

அப்பா 2009இல் வேலையை விட்டார். அரக்குச் சட்டை அதுவரை அம்மாவின் தகரப்பெட்டியில் கிடந்தது. பருத்தியையும் பட்டையும் அரித்த பூச்சி அதைத் தொடவில்லை. அதற்கும் தெரிந்திருக்கிறது அது கம்பளி அன்று என்று. அவ்வாண்டு மார்கழி முதல் நாள், பழக்கத்தால் நாலரை மணிக்கே விழித்துக்கொண்டவர், கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டுப் பெட்டியைத் திறக்கச் சொன்னாராம். வயிற்றருகே சற்று இறுக்கம். அணிந்துகொண்டு வண்டியை எடுத்தார். எங்கே என்று கேட்டதற்கு, திருத்தங்கல்வரை, தேநீர் குடிக்க என்றார்.

விடுமுறைக்கு வந்திருந்த எங்களில் ஒருவன் இன்னொரு வண்டியில் கூடவே போனான். தாழ்வில் பனி படுத்துக் கிடந்தது. கடையில் இறங்கியதும் அப்பா சட்டைக்குள் கைவிட்டு எதையோ உருவினார். நான்காக மடித்த முந்திய நாள் செய்தித்தாள்.

"அதான் இது போட்டிருக்கீகளே, அப்புறம் எதுக்குப்பா தாளு?"

"கடையில ஒக்காந்து படிக்கணும்ல" என்றார் அப்பா.